படித்த மாதிரி ஆக்கும் வேலை

“ஏண்டி, உனக்கு வேற சோலியே இல்லையா? அந்தக் கருமத்தத் தெரிஞ்சு என்ன செய்யப் போற? தெரிஞ்சா ஒனக்குச் சோறு எறங்குமா?”

கோச்சடையில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் சுகன்யாவை அன்று நான் இப்படித்தான் வரவேற்றேன். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. அவள் கேட்ட கேள்வி அப்படி.

சுகன்யா டிராக்டர் விற்கிற கடை ஒன்றில் பில் போடுகிறவள். போகவர பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தட்டித் தட்டி, மூன்று வருஷத்தில் ஒரு நாவல் எழுதி முடித்தாள். அதுதான் அவளுக்கு முதல் நாவல். அதை எட்டு ஏஜென்டுகளுக்கு அனுப்பினாள். ஏஜென்ட் என்றால் யார் என்று கேட்டேன். எழுதுகிறவரிடம் நாவலை வாங்கிப் படித்து, பிடித்திருந்தால் பதிப்பகத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களாம்.

“கல்யாணத் தரகர் மாதிரியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் அம்மாச்சி.”

“தரகர் பொண்ணை ஒரு தடவையாச்சும் பாத்துட்டுத்தான் மூக்கு சரியில்லம்பாரு. இவுக பாக்குறாகளா?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. முதல் மூன்று அத்தியாயம் கேட்டார்கள், அனுப்பினாள். கதையை ஒரே பக்கத்தில் சுருக்கிக் கேட்டார்கள், சுருக்கினாள். தன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். டிராக்டர் கடையில் பில் போடுவதை ஒரு பக்கத்துக்கு எப்படி இழுப்பது என்று இரண்டு நாள் யோசித்து அதையும் எழுதினாள். ஏழு பேரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டாவது ஆளின் பதில் அன்று காலையில் வந்திருந்தது. போனைப் பார்த்து வாசித்துக் காட்டினாள்.

“தங்கள் நாவலை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்து மகிழ்ந்தோம். எனினும் தற்போதைய எங்கள் பட்டியலுக்கு இது பொருந்தி வரவில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.”

வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க பதிப்பகத்துலயே இருந்தவுகல்ல அம்மாச்சி. உள்ள எப்படிப் படிப்பாக? எதைப் பாத்து வேண்டாம்பாக? படிச்சு மகிழ்ந்தவுகளே வேண்டாங்கிறாகன்னா என் எழுத்துலதானே குத்தம். அது என்னன்னு சொல்லுங்க. இல்லாட்டி இம்புட்டையும் போன்ல இருந்து அழிச்சுட்டு நிம்மதியா இருப்பேன்.”

அதற்குத்தான் அந்த ஏச்சு. அவள் மீது கோபமில்லை. அந்தக் கடிதத்தை எனக்குத் தெரியும். ‘வாசித்து மகிழ்ந்தோம்’, ‘பொருந்தி வரவில்லை’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’. அந்த மூன்று வாக்கியத்தையும் என் கையால் ஆயிரக்கணக்கான உறைகளுக்குள் திணித்திருக்கிறேன். அதனால் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் ஒரு ஆளிடம் சொன்னால் தீருகிற அளவில் இல்லை.

நான் எழுமலைப் பக்கம் பிறந்தவள். பேர் ஒச்சம்மாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆறாம் வகுப்பு வாத்தியார் என்னைக் காணவில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பார் என நினைக்கிறேன். கல்யாணம் கட்டி மதுரைக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்த பதிப்பகத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். முதல் வருஷம் விளக்குமாறு. இரண்டாம் வருஷம் காப்பித் தூக்கு. மூன்றாம் வருஷம் பசை வாளியும் சணல் கயிறும். எழுத்துக் கூட்டிப் படிப்பது அதற்குள் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சுற்றிலும் காகிதமாக இருக்கும் இடத்தில் மாடு கட்டினால் அதுகூடப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.

நாவல்களைத் தேர்ந்தெடுப்பது மேனேஜர் ஐயா பொறுப்பு. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டே பேச மாட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. யார் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுவார். இப்படிப்பட்ட மனுஷனைத் திட்டுவதற்கு வாயே வராது. அதுதான் அவருடைய சாமர்த்தியம் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

தபாலில் வரும் பார்சலை நான் பிரித்துக் கொடுப்பேன். முதல் நாவல் என்றால் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். நல்ல நாள் பார்த்து அனுப்பியிருப்பார்கள். சில பேர் உள்ளே குங்குமப் பொட்டலமும் வைத்திருப்பார்கள். மேனேஜர் அதை வாங்கினால் முதலில் உறையைப் படிப்பார். அனுப்பியவர் பேர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு. அதற்கு மேல் அவர் எதைப் பார்த்தார் என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு கத்தரிக்காயை நிறுப்பதுபோல் பிரதியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். முதல் பக்கத்தில் பாதி. கடைசிப் பக்கத்தில் நாலு வரி. பீரோவைக் காட்டுவார். மேல்தட்டு என்றால் தெரிந்த பேர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். கீழ்த்தட்டு என்றால் மற்றவர்கள். கீழ்த்தட்டில் வைத்த பிரதி எதுவும் நடந்து மேல்தட்டுக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துக் கீழ்த்தட்டில் இருப்பவை திரும்பிப் போகும். ஆரம்பத்தில் வந்தது வந்தபடியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் அதைக் கெடுத்தார். தன் நாவலில் ஐந்து இடத்தில் இரண்டிரண்டு தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அனுப்பியிருக்கிறார். ஐந்தும் ஒட்டியபடியே திரும்பிப் போனது. மனுஷன் நேரே வந்து, முன் ஹாலில் எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு தாளாகப் பிய்த்துக் காட்டினார். ‘வாசித்து மகிழ்ந்தோம்னு எழுதியிருக்கீங்களே, சோத்தை எங்க வச்சு மகிழ்ந்தீங்க?’ என்று கேட்டார். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் பிரதிகளைப் படிப்பார் என்று நினைத்தேன்.

“ஒச்சம்மா, இனிமே திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி பிரதியைக் கொஞ்சம் பழக்கிடு.”

“பழக்குறதுன்னா என்னங்கய்யா? மாட்டைத்தானே பழக்குவாக.”

“படிச்ச மாதிரி ஆக்குறது.”

அவரே பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். கயிற்றை அவிழ்த்து, நோட்டின் முதுகைப் பின்பக்கமாக ஒரு மடக்கு மடக்க வேண்டும். ஸ்பாஞ்ச் டப்பாவில் விரலை நனைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டும். மயிர், நூல், பூவிதழ் ஏதாவது இருந்தால் எடுத்துவிட வேண்டும். இருபது பக்கத்துக்கு ஒரு மூலையை மடித்து மறுபடி நிமிர்த்த வேண்டும். நடுவில் எங்காவது டீ கிளாஸை வைத்து ஒரு வட்டம். இரண்டு வட்டம் கூடாது, அலட்சியம் என்று நினைப்பார்கள். கடைசியாகப் பென்சிலால் ஓரத்தில் ஆங்காங்கே டிக். பிறகு அந்த மூன்று வாக்கியக் கடிதத்தை மேலே வைத்துக் கட்ட வேண்டும்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அதில் கெட்டிக்காரி ஆனேன். நான் பழக்கிய பிரதியைப் பார்த்தால் நாலு பேர் படித்து, அதில் ஒருத்தர் அழுதார் என்று சொல்லலாம். நன்றி சொல்லிப் பதில் கடிதம் வரும். ‘இவ்வளவு நுணுக்கமாக வாசித்திருக்கிறீர்கள்’ என்று எழுதுவார்கள். மேனேஜர் அதை என்னிடமே காட்டிச் சிரிப்பார்.

தாளைப் புரட்டுகிற கண் சும்மா இருக்குமா? ஒரு வரி, இரண்டு வரி என்று மேய ஆரம்பித்து, பிடித்தால் பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதி நாவல்களில் காதலனும் காதலியும் வைகைக் கரையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும். அங்கேயே மூடிவிடுவேன். எழுதினவர் வைகையைப் பார்த்ததில்லை. பார்த்தவர் எழுதியிருந்தால் புரட்டிக்கொண்டே போவேன். டிக் போடுவதையும் அதற்குத் தகுந்தபடி மாற்றினேன். சிரித்த இடத்தில் டிக். கொட்டாவி வந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. யாரும் சொல்லவில்லை. கை பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போயிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பேச்சியம்மாளின் நாவல் வந்தது.

வாடிப்பட்டியில் மாவு மில் நடத்துகிற பெண். நாலு லாங் சைஸ் நோட்டு. மாவுப் பைத் துணியிலேயே தைத்து அனுப்பியிருந்தாள். மேனேஜர் வழக்கம்போல உறையைப் படித்தார், தூக்கிப் பார்த்தார், முதல் பக்கத்தில் பாதி படித்தார். “மில்லா?” என்றார். கீழ்த்தட்டு.

மூன்று மாதம் கழித்து, பழக்குவதற்காக முதல் நோட்டைப் பிரித்தேன். கேழ்வரகு மாவு வாசனை. இரண்டாம் நோட்டு மல்லி. மில்லில் ஒரு அரவைக்கும் மறு அரவைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது. மூன்றாம் நோட்டைத் திறந்ததும் தும்மினேன். தாளுக்குத் தாள் மிளகாய் வத்தல் தூள். விரலை நனைத்து நனைத்துப் புரட்டினால் என்ன ஆகும்? அதே விரலால் கண்ணைக் கசக்கிவிட்டேன். இரண்டு கண்ணும் கோவைப்பழம்.

ஆனால் மூட முடியவில்லை. கதை இதுதான். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள். ஒரே அடுப்படி. பதினோரு வருஷமாக ஒருத்திக்கொருத்தி பேச்சில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டுப் பூனையிடம் சொல்வார்கள். ‘ஏ பூனை, உப்புத் தீந்து போச்சுன்னு சில பேருக்குத் தெரியாதோ’ என்பாள் மூத்தவள். ‘ஏ பூனை, கண்ணு இருக்கிறவுக டப்பாவத் தொறந்து பாக்கட்டும்’ என்பாள் இளையவள். ஒருத்திக்குப் பிள்ளை பிறப்பதும், இன்னொருத்திக்குப் பிள்ளை தங்காமல் போவதும், அத்தனையும் அந்தப் பூனை வழியாகத்தான் போகிறது. நாலாம் நோட்டில் பூனை செத்துப்போகிறது. இனிமேல் யாரிடம் சொல்வது? வீடே ஊமையாகிப் போகிறது. நான் அழுதது வத்தல் தூளாலா, பூனையாலா என்று எனக்கே தெரியாது. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். டீ வட்டம் போடவில்லை. போட மனசு வரவில்லை.

அந்த வயதில் எனக்கு வந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாலு நோட்டையும் மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

“ஐயா, இத மட்டும் ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்கய்யா.”

“நீ படிச்சியா?”

“படிச்சேங்கய்யா. நல்லா இருக்கு.”

சிரித்தார். அவர் சிரித்தால் பல் தெரியாது. “உனக்குப் பிடிச்சிருக்குன்னா சந்தோஷம் ஒச்சம்மா. ஆனா வாசகர்கள்னு ஒருத்தங்க இருக்காங்கல்ல. அவங்களுக்குப் பிடிக்கணுமே.”

முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான் எதிரில் நிற்கிறேன். வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சந்தில் ஒரு மாடு நின்றது.

“அந்தம்மா எழுதியிருக்காங்க, ஒரே பிரதிதானாம். நேர்ல வந்து வாங்கிக்கிறாங்களாம். நம்ம கடிதத்தை வச்சு எடுத்து வை. எனக்குக் காப்பி ஆறுது” என்றார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் பேச்சியம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். எவ்வளவு குளித்தாலும் போகாத மாவு புருவத்தில் இருந்தது. மேனேஜர் எழுந்து கும்பிட்டார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

“படிச்சீகளாய்யா?”

“வரி விடாம படிச்சேம்மா.”

“வத்தத் தூளு அப்பியிருக்கும். ரொம்பத் தும்முனீகளா? மன்னிச்சுக்குங்கய்யா.”

“நல்ல எழுத்துக்காகத் தும்முறது எங்க தொழில்தானேம்மா” என்றார். அவர் கண் இரண்டும் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. என் கண்ணை யார் பார்த்தார்கள்? காப்பி கொண்டுவருகிறவளுக்குக் கண் சிவந்தால் அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் நோட்டைப் புரட்டினாள். ஓரத்தில் டிக். புரட்டப் புரட்ட டிக். உப்பு டப்பா இருக்கும் பக்கத்தில் இரண்டு டிக். பூனை சாகிற பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை, அங்கே எனக்குப் பென்சில் எடுக்கத் தோன்றவில்லை. அவள் முகம் மெல்ல வாடியது.

“முழுசுந்தான் படிச்சிருக்கீக. சும்மா தள்ளிவிட்டுட்டாகளோன்னு வரும்போது நெனச்சேன். இம்புட்டுப் படிச்சவுக வேண்டாம்னா வேண்டாந்தான். சரிய்யா. நோட்டுக கெட்டித் தாளு. வத்தத் தூளு, மல்லித்தூளு பொட்டலம் மடிக்க ஆகும்.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. தொடர்ந்து எழுதுங்க” என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கால் முறிந்த மனுஷன், மூன்று பிள்ளைகள். வாயைத் திறந்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். நோட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளை நம்பவைத்தது மேனேஜர் சொன்ன வார்த்தை இல்லை. என் பென்சில். என் வேலை அவ்வளவு சுத்தம்.

வேண்டாம் என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை, சுகன்யாவிடமும் அதைத்தான் சொன்னேன். கடைக்காரனுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். படித்தேன் என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் எரிகிறது. படிக்கவில்லை என்று தெரிந்தால் அவள் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவாள். படித்துத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தால் பொட்டலம் மடிப்பாள்.

அவள் போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வருமா என்று போனேன்.

“டிக் எல்லாம் பிரமாதமா விழுந்திருக்கு. ஆனா இனிமே மில்லுக்காரங்க பிரதி வந்தா, பழக்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில கொண்டுபோய் நல்லாத் தட்டிடு.”

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.  ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினேன். பஸ் சமயநல்லூரில் நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் இறங்கி வடை தின்றார். அங்கே அவள் ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

“அண்ணே, வடையப் பஸ்ஸுல ஏறித் திங்கக்கூடாதா?”

“என்னத்தா, பிரசவமா?”

“ஆமாண்ணே. நாலு புள்ள.”

மில்லைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, தும்மலே வழி சொன்னது. உள்ளே மெஷின் இரைச்சல். தூக்குச்சட்டியும் பையுமாக ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மாள் ஒரு கையால் வத்தலைத் தள்ளிக்கொண்டே மறு கையால் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். முதல் நோட்டு அட்டை கழன்று பக்கத்தில் கிடந்தது.

“நாந்தான் படிச்சேன்” என்றேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அதே நேரத்தில் அவள் மெஷினை நிறுத்தினாள். நான் கத்தியது தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

“நீங்க காப்பி கொண்டாந்தவுகதானே?”

“ஆமா. ஒங்க நாவல அந்தாளு படிக்கல. அரைப் பக்கம் பாத்துட்டுக் கீழ வச்சிட்டாரு. அந்த டிக்கு பூரா நான் போட்டது.”

“நீங்க எதுக்குப் போடுறீக?”

“படிச்ச மாதிரித் தெரியணும்னு. அதுதான் என் வேல.”

மடித்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “அப்ப நீங்களும் பாவலாத்தான்.”

“மத்ததெல்லாம் பாவலா. ஒங்க நோட்டு நாலையும் மூணு நாளு படிச்சேன். என் கண்ணப் பாருங்க. இது அடுப்புப் புகையில செவந்த கண்ணா? மூணாம் நோட்டுல ஒரு வாத்தியாரு வந்து மூணு பக்கம் புத்தி சொல்றாரு பாருங்க, அங்க மட்டும் கொட்டாவி வந்துச்சு. கோடு போட்டுருக்கேன்.”

அவள் முகம் மாறியது. “அது எங்க வீட்டுக்காரரு சேக்கச் சொன்னது” என்றாள் மெதுவாக. பிறகு சட்டென்று குரல் ஏறியது. “இத அங்கனயே சொல்றதுக்கு என்னத்தா? பக்கத்துலதானே நின்னீக?”

“வேல போயிரும்னு பயந்தேன்.”

“ஒங்க வேல இருக்கு. என் நோட்டுல பதினாலு தாளு போச்சு.”

  அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மறுபடி மெஷினைப் போடப் போனாள். அப்போது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மல்லித்தூள் வாங்கிப்போன ஒரு பெண் திரும்பி வந்தாள். கையில் பிரித்த காகிதம். தூளை வீட்டில் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

“ஏ பேச்சி, இதுல மூத்தவ உப்ப ஒளிச்சு வச்சிட்டா. சின்னவ பூனைகிட்ட என்னமோ சொல்லப் போறா, அதுக்குள்ள தாளு முடிஞ்சு போச்சு. அடுத்த தாளு எந்தப் பொட்டலத்துல இருக்கு?”

வரிசையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். “என்கிட்ட இருக்கிறதுல ஒரு கெழவி வாறா” என்றாள் ஒருத்தி. “இதுல பூனை குட்டி போடுது” என்றாள் இன்னொருத்தி. ஒருத்திக்காக இன்னொருத்தி சத்தமாகப் படித்தாள். அரைக்க வந்தவர்கள் அரைக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் மெஷின் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அப்படியே நின்றாள்.

“பொட்டலத்தைப் பூராத் திருப்பிக் குடுங்கத்தா. தூளுக்கு வேற பேப்பர் தாறேன்” என்றாள் கடைசியில்.

பதினாலில் பதினொன்று திரும்பி வந்தது. மூன்று தாளை மறுபடி எழுதினாள். சில வருஷம் கழித்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாகப் போட்டாள். மில்லில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு ஒரு பிரதி வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். வாத்தியார் வருகிற மூன்று பக்கம் அதில் இல்லை. அவள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார் என்று கேள்வி.

வாடிப்பட்டி போய் வந்த மறுநாள், சனிக்கிழமை காலையில் மேனேஜரிடம் போய், படிக்காத பிரதியை இனி நான் பழக்க மாட்டேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். “சரிம்மா, பழக்க வேற ஆள் இருக்கு. நீ பார்சல் கட்டு” என்றார். அவ்வளவுதான். வேறு ஒருத்தி டிக் போட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. மேனேஜருக்கு அது ரொம்பச் சௌகரியம்.

ஓய்வு பெறும்வரை நான் பார்சல்தான் கட்டினேன். கட்டும்போது, பழுப்புக் காகிதத்தின் உள்பக்கம், மடிப்புக்குள்ளே, பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதுவேன்: ‘படிக்கவில்லை’. எத்தனை பேர் கண்ணில் பட்டதோ. ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. காகிதத்தைக் கிழிக்காமல் பிரிக்கிற பழக்கம் நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சுகன்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்ப இந்த ஏஜென்டும் படிக்கலையா அம்மாச்சி?”

“எனக்கென்ன தெரியும்? படிச்சிருக்கலாம். ஆனா படிச்ச ஆளு, கதையில வார ஒரு பேரையாச்சும் சொல்லுவான். இந்தக் கடுதாசியில ஒரு பூனை கூட இல்லையே. அந்தக் காலத்துல ஏமாத்துறதுக்காச்சும் ஒருத்தி ஒக்காந்து தாளப் பொரட்டணும். இப்ப அந்த மெனக்கெடும் இல்ல. கடுதாசிக்கு உள்பக்கமும் இல்ல, எழுதி வைக்க.”

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. விரல் எங்கே போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா, ஒன் கதையில வைகை வருதா?”

“வருது.”

“தண்ணி ஓடுதா?”

“இல்ல அம்மாச்சி. மணல் லாரிதான் ஓடுது.”

“அப்ப அழிக்காத.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் கண் சிவந்து போனதை எதிர்வீட்டு ஜோதி பார்த்துவிட்டாள். ஜோதி பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. சாயங்காலம் குழாயடியில் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“என்ன பெரியம்மா, அந்தப் புள்ள உங்க வீட்டுல இருந்து அழுதுட்டுப் போகுது. எதுவும் திட்டுனீகளா?”

“நான் ஏன் திட்டுறேன்? அது மூணு வருஷமா வெயில்ல காய வச்ச வத்தல அரைக்கக் குடுத்துச்சு. மில்லுக்காரன் அப்படியே முழுசாத் திருப்பி அனுப்பிட்டான். ‘நல்லா அரைச்சோம், மகிழ்ச்சி. ஆனா எங்க கல்லுக்கு ஒத்து வரல, தொடர்ந்து வத்தல் காயப் போடுங்க’ன்னு ஒரு சீட்டு வேற.”

“அரைக்காமயே அரைச்சோம்னு சீட்டுக் குடுத்தானா? எந்த மில்லு பெரியம்மா அது? அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது.”

குடத்தை இடுப்பில் ஏற்றினேன்.

“சீட்டுக் குடுத்தது ஒரு மில்லு. வத்தலத் திருப்பிக்கூடக் குடுக்காதது ஏழு.”